உயிர்களை வளர்ப்பதும் ஊருடன் வாழ்வதும்

பெங்களூரு பசவனகுடியில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட மாபெரும் நந்தி ஒன்று வீற்றிருக்கிறது. ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்ட அந்தக் காளைக்குக் கோயில் எழுப்பியவர் நகரை நிறுவிய கெம்பே கௌடர் என்பது மரபு. அவ்விடத்தைப் பற்றி மக்களிடையே ஒரு கதை வழங்கி வருகிறது. சுங்கேனஹள்ளி, மாவள்ளி, கவிபுரம் முதலிய சிற்றூர்களில் உழவர்கள் நிலக்கடலை பயிரிட்டு வந்தனர். விளைந்த கடலையை ஏதோ ஒன்று தின்றுவிட்டுப் போவதைக் கண்ட அவர்கள் காவல் காத்தனர். வந்தது ஒரு காளை. சினம் கொண்ட உழவர் ஒருவர் தடியால் அதை அடித்தார். அடிபட்ட காளை அங்கேயே கல்லாக அமர்ந்துவிட்டது. நெஞ்சம் பதைத்த ஊரார் பிழை பொறுக்குமாறு வேண்டி, தங்கள் விளைச்சலின் முதற்பகுதியை அதற்கே படைப்பதாக உறுதி பூண்டனர். கன்னட வழக்கின்படி கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று இன்றும் அங்கே 'கடலேகாய் பரிஷே' என்னும் கடலைத் திருவிழா நடைபெறுகிறது.

நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பயிர். ஆகவே கதையின் காலத்தை வரலாற்றோடு பொருத்திப் பார்க்க முயல்வது வீண் வேலை. பொருத்திப் பார்க்க வேண்டியது வேறொன்று. பயிர் இழந்த உழவரின் கோபம் நியாயமானது. பசித்த காளைக்கு வேலி என்பது என்னவென்று தெரியாது. இருவர் மீதும் குற்றம் இல்லாத இடத்தில் ஒரு பெருங்குற்றம் நிகழ்ந்துவிட்டது. அந்தக் காளையை அவிழ்த்துவிட்டவர் யார் என்று மட்டும் கதையில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்விதான் இன்றைய நகரங்களில் சட்டங்களாகவும் துணைவிதிகளாகவும் வடிவெடுத்திருக்கிறது. வீட்டில் எத்தனை நாய்கள் வளர்க்கலாம்? பசுவை எங்கே கட்டலாம்? தெருநாய்க்கு உணவிடுவது அறமா, இடையூறா? இவை மாநகராட்சி எழுத்தர் தீர்த்துவைக்க வேண்டிய சிறிய விஷயங்கள் போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், ஒருவர் தம் கருணைக்கு எவ்வளவு தூரம் பிறரைப் பொறுப்பாக்கலாம் என்னும் கடினமான அறவியல் கேள்வி இவற்றினுள் ஒளிந்திருப்பது புலப்படும்.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

2018 ஜூன் மாதத்தில் பெங்களூரு மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத் துணைவிதிகள் வெளிவந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டிற்கு ஒரு நாய், தனி வீட்டிற்கு மூன்று நாய்கள் என்று அவை வரம்பு கட்டின. நகரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 'இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒன்றை வெளியேற்றச் சொல்வீர்களா?' என்று நாய் வளர்ப்போர் வினவினர். விதிகள் விரைவிலேயே நிறுத்திவைக்கப்பட்டன.

குழந்தையோடு ஒப்பிட்டது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த வாதத்தின் உள்ளீடு வலுவானது. பொருள்களுக்கு வரம்பு விதிக்கும்போது மிகுதியான பொருளை விற்றுவிடலாம், கொடுத்துவிடலாம். பொருளுக்கு அதனால் துன்பம் இல்லை. உயிருக்கு வரம்பு விதிக்கும்போது, வரம்புக்கு மேற்பட்ட உயிர் எங்கே போகும் என்பதற்கும் விதியே விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இரண்டாவது நாய் ஓர் இரவில் வண்டியில் ஏற்றப்பட்டு, புறவழிச் சாலையின் ஓரத்தில் இறக்கிவிடப்படும். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் தெருவில் நெடுநாள் வாழாது. இத்தனைக்கும், பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஒரு சட்டம் குற்றம் என்று சொல்வதைச் செய்யுமாறு மற்றொரு விதி மறைமுகமாகத் தூண்டுவது விந்தையே.

எண்ணிக்கைக்கு மற்றொரு குறையும் உண்டு. தோட்டமும் நேரமும் உடைய ஒருவர் நான்கு நாய்களை நன்கு பராமரிக்கலாம். காலையில் அலுவலகம் சென்று இரவில் திரும்பும் மற்றொருவர் ஒரே ஒரு நாயைப் பால்கனிக் கம்பியில் நாள் முழுவதும் கட்டிவைக்கலாம். எண்ணிக்கை விதியின் பார்வையில் முன்னவர் குற்றவாளி, பின்னவர் நல்ல குடிமகன். மேற்சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சட்டமோ நேர்மாறாகக் கூறுகிறது: நாயை வழக்கமாகச் சங்கிலியில் பிணைத்தோ குறுகிய இடத்தில் அடைத்தோ வைத்திருப்பதை அது வதைகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

ஆனாலும் எண்ணிக்கை விதியை வெறும் அறிவீனம் என்று தள்ளிவிடுவதும் சரியன்று. அன்பை அளக்க அரசிடம் கருவி இல்லை. எண்ணுவதற்கு மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும்போது அதிகாரி கதவைத் தட்டி, அங்குள்ளவரின் உள்ளத்தை ஆராய முடியாது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அவர் பார்க்க முடியும். அப்படியானால் கண்ணுக்குத் தெரிகிற வேறு சிலவற்றை ஏன் பார்க்கக் கூடாது? தடுப்பூசி போடப்பட்டதா, உலவ இடம் இருக்கிறதா, தெருவுக்கு வரும்போது கயிறு கையில் இருக்கிறதா, கழிவை வளர்ப்பவரே அகற்றுகிறாரா என்பவையும் பார்த்து அறியக்கூடியவைதாம். அவற்றைப் பார்ப்பது எண்ணுவதைவிடச் சற்றுக் கூடுதலான உழைப்பு. நம் நாட்டில் பல விதிகள் இந்தச் சற்றுக் கூடுதலான உழைப்புக்கு அஞ்சியே எண்ணிக்கைகளாகச் சுருங்கிவிடுகின்றன.

உரிமையா, கடமையா?

நாய் வளர்ப்போர் தம் தரப்பை 'உரிமை' என்னும் சொல்லால் முன்வைப்பது வழக்கம். அதற்கு நீதிமன்றத்தின் ஆதரவும் உண்டு. குடியிருப்பில் செல்லப்பிராணிகளை அறவே கூடாது என்று விலக்கும் சங்க விதிகள் செல்லாதவை என்று கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு கூறுவதையும் அது சுட்டிக்காட்டியது. அதே தீர்ப்பு, வளர்ப்போரின் உரிமை வரம்பற்றதன்று என்றும், அண்டை அயலாரின் நலனுக்காகத் தக்க நிபந்தனைகளைச் சங்கம் விதிக்கலாம் என்றும் சொன்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மேலைத் தத்துவத்தில் இந்த விவாதம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று கருதினார் காண்ட். நீண்டகாலம் உழைத்த கிழநாயைச் சுட்டுக் கொல்பவன் நாய்க்குத் தீங்கு இழைக்கவில்லை. தன்னுள் இருக்க வேண்டிய மனிதத்தன்மைக்குத் தீங்கு இழைக்கிறான், அது நாளடைவில் மனிதரிடமும் கடுமையாக வெளிப்படும் என்பது அவரது வாதம். பெந்தாம் 1789-இல் வெளியான தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் வேறு திசை காட்டினார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதை விட்டுவிட்டு, அதற்குத் துன்பம் உண்டா என்று கேட்கச் சொன்னார் அவர். காண்ட்டின் கருத்தை மிகக் கடுமையாகத் தாக்கியவர் ஷோபனேவர். உபநிடதங்களில் தோய்ந்த அந்த ஜெர்மானிய அறிஞர் தாம் வளர்த்த பூடில் நாய்க்கு 'ஆத்மா' என்று பெயரிட்டிருந்தார். ஒன்று இறந்த பின் வந்த அடுத்த நாய்க்கும் அதே பெயர்தான்! எல்லா உடல்களிலும் இருப்பது ஒன்றே என்பதை இவ்வளவு வீட்டுத்தனமாக வேறு எந்தத் தத்துவ அறிஞரும் சொன்னதில்லை.

இந்தியச் சட்டம் இவர்களுள் பெந்தாமுக்கு நெருக்கமானது. சென்னை கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பயனாகவே, பின்னர் அரசின் சார்பில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் தொடக்கத்தில் வளர்ப்பவரின் உரிமை பேசப்படவில்லை. ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனைக் காக்கவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்பதே மூன்றாம் பிரிவு. சொல் அழகானது. தண்டனைப் பகுதிக்கு வந்தால் மட்டும் வருத்தமே மிஞ்சுகிறது. முதல் முறை வதை செய்தவருக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய பெங்களூருவில் 50 ரூபாய்க்கு ஒரு நாய்ச் சங்கிலிகூடக் கிடைக்காது.

யுதிஷ்டிரரும் தெருநாயும்

உயிர்களிடம் அன்பு பேசும்போதெல்லாம் மகாபாரதத்தின் நிறைவுப் பகுதி நினைவுகூரப்படுகிறது. மகாபிரஸ்தானத்தில் மனைவியும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழ்ந்துவிட, தொடர்ந்து வந்த ஒரு நாயுடன் யுதிஷ்டிரர் தனியே நடக்கிறார். இந்திரன் தேருடன் வந்து அழைக்கிறான். நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். தம்மை அண்டி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று யுதிஷ்டிரர் உறுதியாக நிற்கிறார்.

இந்தக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. யுதிஷ்டிரர் நாய்க்காகப் பணயம் வைத்தது எதை? தமது சுவர்க்கத்தை. தமது ஆயுள் முழுதும் ஈட்டிய புண்ணியத்தின் பலனை. தாம் காட்டும் கருணைக்கான விலையை முழுவதும் தாமே கொடுக்க அவர் ஆயத்தமாக இருந்தார். அதில் ஒரு பங்கைக்கூட வேறொருவர் தலையில் சுமத்தவில்லை.

பெங்களூருவின் தெருக்களில் இதற்கு நேர்மாறான காட்சியையும் காணலாம். வாகனத்தில் வந்து இறங்கும் ஒருவர், வேறொரு தெருவில், வேறொருவர் வீட்டு வாசலில் நாய்களுக்குச் சோறு வைத்துவிட்டுச் செல்கிறார். அவர் உள்ளம் நிறைகிறது. ஆனால் அந்தத் தெருவில் விடியற்காலையில் துடைப்பத்துடன் இறங்கும் தூய்மைப் பணியாளரை நாய்கள் சூழ்கின்றன. இரவுப் பணி முடித்து நடந்து வரும் செவிலியரும், மிதிவண்டியில் செய்தித்தாள் போடும் சிறுவனும் அந்தக் கருணைக்கு விலை கொடுக்கிறார்கள். காரில் செல்பவரைத் தெருநாய் கடிப்பதில்லை. கருணை ஒருவருடையதாகவும் கடி மற்றொருவருடையதாகவும் இருக்கும்போது, அந்தக் கருணையில் ஏதோ ஒன்று குறைகிறது.

இது கற்பனை அச்சம் அன்று. 2007-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களுக்குள் பெங்களூருவில் இரண்டு குழந்தைகள் தெருநாய்களால் குதறப்பட்டு இறந்தன. அதைத் தொடர்ந்து எழுந்த சீற்றத்தில் ஏராளமான நாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. பசவனகுடிக் கதையின் தடியடி மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை எந்த நாயும் கல்லாகிக் கோயில் கொள்ளவில்லை. வெறிநாய்க்கடி நோயோ, அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரையும் விட்டுவைக்காத நோய். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே இந்த நோயை எதிர்கொள்ளத்தான். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னும், 2003-இல் பெங்களூரு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் இந்தியாவில் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டது. அண்மைக் காலத்தில் வெளியான மதிப்பீடு சுமார் 5,700 என்கிறது. குறைந்திருக்கிறது, ஆனால் இறந்தவர்களுள் பலரும் தடுப்பூசிக்கு நேரத்தில் செல்லாத ஏழைகள், குழந்தைகள்.

ஆகவே நாயைக் கொல்வதா? 2007-இன் அனுபவமே அதற்கு விடை. கொன்றழித்த இடத்தில் குப்பையும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை அக்கம்பக்கத்து நாய்கள் குடியேறுகின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் தொடர்ந்து செய்த இடங்களில் எண்ணிக்கை மெதுவாகக் குறைகிறது. பெங்களூருவில் 2019-இல் சுமார் 3.10 லட்சமாகக் கணக்கிடப்பட்ட தெருநாய்கள் 2023-இல் சுமார் 2.79 லட்சமாகக் குறைந்தன. மெதுவான வழி இது. பொறுமையற்றவர்களுக்கு உகந்ததன்று.

யுதிஷ்டிரரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். உணவிடுபவர் அதே நாயைப் பிடித்துக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டு செல்கிறாரா? தம் வாசலில், அல்லது அயலார் ஒப்பிய ஓரிடத்தில் உணவிடுகிறாரா? எச்சிலைத் தாமே துடைக்கிறாரா? இவற்றைச் செய்பவர் தம் சுவர்க்கத்தைக் கொடுக்கிறார். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடங்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் அப்பால், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உணவிட வேண்டும் என்று சொல்வதன் உட்பொருளும் இதுவே.

2024 மார்ச் மாதம் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களை ஆபத்தானவை என்று தடுத்துச் சுற்றறிக்கை விடுத்தபோது, அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் பிறப்பித்தது என்பது நீதிமன்றம் கண்ட குறை. அறவியல் நோக்கிலும் அந்தச் சுற்றறிக்கை தடுமாறியது. பிறந்த இனத்தைக் கொண்டு குணத்தை முடிவு செய்யும் பழக்கம் மனிதரிடையே விளைவித்த கேடு போதாதா?

பசுவின் வழக்கு

நாயைப் பற்றிப் பேச நகரில் பலர் உண்டு. பசுவைப் பற்றிப் பேசுவோர், அதை வணங்குவோராகவோ அதனால் போக்குவரத்து தடைப்படுவதாகக் குறைகூறுவோராகவோ இருக்கின்றனர். அதன் இரைப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவர்தாம் அறிவர்.

காலையில் பால் கறந்ததும் பசு தெருவுக்கு அவிழ்த்துவிடப்படுகிறது. மாலையில் அது தானே வீடு திரும்பும், மறுபடி கறவை. இடைப்பட்ட நேரத்தில் அதன் தீவனம் நகரின் குப்பைத் தொட்டி. வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிகிறோம். பசுவுக்குக் கைகள் இல்லை; முடிச்சை அவிழ்க்காமல் பையோடு விழுங்குகிறது. அசைபோடும் முதல் இரைப்பையிலிருந்து பிளாஸ்டிக் மேலே செல்வதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் திரண்டு, பல கிலோ எடையுள்ள உருண்டையாகிறது. வயிறு நிறைந்திருப்பதாக உணரும் பசு மெலிந்துகொண்டே போகிறது. ஆணி, கம்பி முதலியவை இரைப்பையைத் துளைத்து அருகிலுள்ள இதயத்தையே குத்துவதும் உண்டு. கர்நாடக அரசு 2016-இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது, பைகள் மறையவில்லை. கோபூஜை அன்று மஞ்சளும் குங்குமமும் இடப்படும் அதே நெற்றி, மறுநாள் குப்பைத் தொட்டிக்குள் குனிகிறது.

உரிமையாளரைக் குறை சொல்வது எளிது. அபராதம் விதிப்பதும் எளிது. சென்னையில் 2023 ஆகஸ்டில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காட்சி நாடெங்கும் பரவியபின், தெருவில் திரியும் மாடுகளுக்கான அபராதம் உயர்த்தப்பட்டது. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதற்கு உரிமம் கோரும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கறந்த பாலை விற்றுக்கொண்டு தீவனச் செலவை ஊரின் குப்பைத் தொட்டிக்கும், விபத்தின் செலவை வழிப்போக்கருக்கும் மாற்றிவிடுபவர் பசுவை வளர்ப்பவர் என்ற பெயருக்கு உரியவர் அல்லர். பசுதான் அவரை வளர்க்கிறது.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். பழைய தர்ம சாஸ்திரங்கள் இந்த விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானவை. உரிமையாளருக்கும் மேய்ப்பவருக்கும் இடையே எழும் பூசலை மனு ஸ்மிருதி பதினெட்டு வழக்குத் தலைப்புகளுள் ஒன்றாகவே வைத்தது. பகலில் மேய்ப்பவர் பொறுப்பு. இரவில் மாடு வீட்டில் இருந்தால் உரிமையாளர் பொறுப்பு என்று அது வரையறுத்தது. பயிரை மேய்ந்த மாட்டுக்கு அபராதம் உண்டு. ஆனால் கன்று ஈன்று பத்து நாள் ஆகாத பசுவுக்கும், பொலிகாளைக்கும், தெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட மாட்டுக்கும் அபராதம் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இத்தகைய விலக்குகளைச் சொல்கிறது. தாய்மையின் பசிக்குப் பத்து நாள் சலுகை அளித்த சட்டம் அது!

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. கிராமத்தைச் சுற்றி நூறு வில் தொலைவு, அதாவது ஏறத்தாழ 600 அடி, மேய்ச்சலுக்கென்று விட்டுவைக்க வேண்டும். நகரமாயின் அதைப்போல் மூன்று மடங்கு. அந்த வெளியில் வேலியிடாத பயிரை மாடு மேய்ந்தால் மேய்ப்பவருக்குத் தண்டனை இல்லை. மாட்டுக்காரருக்குக் கடமை விதிப்பதற்கு முன், ஊருக்கு ஒரு கடமை விதிக்கப்பட்டது. ஊர் பெருகப் பெருக அந்தக் கடமையும் பெருகியது.

கர்நாடகத்தில் இத்தகைய மேய்ச்சல் நிலத்திற்குக் 'கோமாளம்' என்று பெயர். நூறு கால்நடைகளுக்கு 12 ஹெக்டேர் ஒதுக்க வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் நில வருவாய் விதிகள் கணக்கிட்டுச் சொல்கின்றன. பெங்களூரு விரிந்தபோது அதனைச் சூழ்ந்திருந்த சிற்றூர்கள் நகருக்குள் வந்தன. அவற்றின் கோமாளங்கள் குடியிருப்பு மனைகளாகவும் அலுவலகங்களாகவும் சாலைகளாகவும் ஆயின. ஏரிகள் சுருங்கின, மிஞ்சிய ஏரிகளில் கழிவுநீரில் வளரும் புல்லை அறுத்துத்தான் பல மாட்டுக்காரர்கள் தீவனம் இடுகிறார்கள். சென்னையின் மந்தைவெளியிலும் இன்று மந்தை இல்லை, வெளியும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரம் பசுவின் இடத்திற்கு வந்து அமர்ந்துகொண்டு, 'என் சாலையில் உனக்கு என்ன வேலை?' என்று பசுவைக் கேட்கிறது.

திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, கன்றை வீதியில் விட்டவர் யார் என்று மனுநீதிச் சோழன் விசாரிக்கவில்லை. வீதி அரசனுடையது, அதில் நேர்ந்ததற்கு அரசன் பொறுப்பு என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் விதித்த தண்டனையை இன்று எவரும் ஏற்க வேண்டியதில்லை. பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அவன் கண்டது மட்டும் இன்றைய மாநகராட்சிகளுக்கும் தேவைப்படுகிறது. மாட்டுக்கு நகரினுள் இடமில்லை என்று ஒரு நகரம் முடிவு செய்யலாம். அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் தலைமுறைகளாக ஐந்து மாடுகளைக் கொண்டு பிழைத்து வந்த குடும்பத்திற்குப் புறநகரில் தொழுவத்திற்கு இடமும் தண்ணீரும் அளித்த பிறகே அந்த முடிவு அறமாகும். அதற்கு முன் விதிக்கும் அபராதம், பலத்தில் மிக்கவர் செய்த ஆக்கிரமிப்பை மற்றொரு முறை உறுதிசெய்வது மட்டுமே.

சமமாகக் காண்பதும் சமமாக நடத்துவதும்

கல்வியும் பணிவும் நிறைந்த அந்தணரிடத்தும், பசுவிடத்தும், யானையிடத்தும், நாயிடத்தும், நாயின் ஊனை உண்பவரிடத்தும் ஞானியர் ஒன்றையே காண்கின்றனர் என்பது கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறும் செய்தி. இதைக் கொண்டு, நாய்க்கும் மனிதருக்கும் விதியில் வேறுபாடு கூடாது என்று வாதிடுவோர் உண்டு. ஞானியர் எதிலும் தலையிடுவதில்லை, ஆகவே விதிகளே வேண்டாம் என்போரும் உண்டு.

கீதை பேசுவது காட்சியைப் பற்றி. எங்கும் ஒன்றையே காண்பது உள்ளத்தில் நிகழ வேண்டியது. செயலில் அவரவர்க்கு உரியதை அவரவர்க்குச் செய்வதே முறை என்று வேதாந்த மரபு தெளிவாகப் பிரித்தது. யானைக்கும் நாய்க்கும் ஒரே அளவு உணவு இடுவது சமத்துவம் ஆகாது, இரண்டுமே நோயுறும். இந்தப் பிரிவினை வசதியான சாக்காகவும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'உள்ளே சமம், வெளியே வேறு' என்று சொல்லிக்கொண்டே மனிதரை மனிதர் வாசலில் நிறுத்திய வரலாறு நமக்கு உண்டு. ஆகவே செயலில் வேறுபாடு காட்டும் ஒவ்வொரு விதியும், அந்த வேறுபாடு அதை ஏற்பவரின் தேவையிலிருந்து பிறந்ததா, விதிப்பவரின் வசதியிலிருந்து பிறந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. தெருவில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும் என்னும் விதி இந்தச் சோதனையில் தேறும். மின்தூக்கியில் நாயுடன் வருபவர் ஏறக்கூடாது, பத்து மாடியும் படியேறட்டும் என்று சில சங்கங்கள் வகுத்த விதி தேறாது.

நெருக்கடி காலத்தில் இத்தகைய சோதனைக்கு எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. 2025-ஆம் ஆண்டே சான்று. ஜூலையில் பெங்களூரு மாநகராட்சி 5,000 தெருநாய்களுக்குக் கோழிச் சோறு வழங்க 2.88 கோடி ரூபாயில் திட்டமிட்டபோது நாடே அதைப் பேசியது. சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். ஆகஸ்டு 11 அன்று, தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து, மூவர் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் தாக்கும் இயல்புடையவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும், நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் ஆணை வந்தது. இதற்கிடையே செப்டம்பரில் பெங்களூருவின் பழைய மாநகராட்சியே கலைந்து, ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது.

புதிய மாநகராட்சிகள் தத்தம் துணைவிதிகளை எழுதும்போது பழைய எண்ணிக்கைச் சண்டை மறுபடியும் தொடங்கக்கூடும். அதைவிட நடைமுறைக்கு உகந்த ஒன்று உண்டு. பெங்களூரு வேலைக்காக வந்து, வேலைக்காகவே வேறிடம் செல்வோரின் நகரம். மாற்றல் ஆணை வந்த வாரத்தில் உயர்சாதி நாய்கள் பூங்கா வாசலில் கட்டப்பட்டுக் கிடப்பதை விலங்குக் காப்பகத்தார் நன்கு அறிவர். தனித்து வாழும் முதியவர் இறந்தபின், பூட்டிய வீட்டு வாசலில் நாட்கணக்கில் படுத்திருக்கும் நாயை அண்டை வீட்டார் அறிவர். உரிமப் படிவத்தில் வளர்ப்பவரின் பெயருக்குக் கீழே இரண்டாவது பெயருக்கும் ஒரு வரி இருக்கலாம்: வளர்ப்பவர் இல்லாமற்போனால் இந்த உயிரை ஏற்பவர் யார்? அந்த இரண்டாமவர் தாமே வந்து கையெழுத்திட வேண்டும். மாட்டுக்கான உரிமத்திலும் அதேபோல், கறவை வற்றிய பின் அது எங்கே இருக்கும் என்று எழுத ஒரு வரி. ஓர் உயிரை வீட்டிற்கு அழைத்து வரும் நாளிலேயே, அதை ஏற்க இசையும் மற்றொருவரை ஊரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், பலரும் அடுத்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.